பின்னறை காலியாகத்தான் இருக்கிறது

புக்கிட் ரம்பாய்,
8 அக்டோபர் 2023

அன்புத் தம்பி ரொனால்டுக்கு,

சேசு மரி சூசை துணை. நானும் அப்பாவும் சுகம். நீயும் உன் காடும் கட்டையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் உன் எஞ்சின் டிரைவர் ரங்கசாமி மாமாவின் நம்பர் கிடைத்தது. "அந்தக் காட்டுல போன் பிடிக்காதும்மா. கடுதாசி எழுதி என் கெமாஸ் வீட்டுக்குப் போடுங்க, நான் தம்பி கையில குடுக்குறேன்" என்றார். ஊரே வாட்ஸ்அப்பில் பெண் பார்க்கிற காலத்தில் நாம் தாள் வாங்கி எழுதுகிறோம். போகட்டும், தாளில் எழுதினால் பாதியில் போனை வைக்க உன்னால் முடியாது.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். விடியுமுன்னே எழுந்து பெரட்டு எடுக்கிறார். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோது வரிசையில் நிறுத்திக் கூப்பிட்ட ஆட்களின் பேரையெல்லாம் ஹாலில் நின்று கூப்பிடுகிறார். யாரும் பதில் சொல்லாவிட்டால் கோபம் வருகிறது. ஆகையால் நானே "வந்தாச்சு, வந்தாச்சு" என்கிறேன்.

வாசல் கிரில் கதவின் சாவி இன்னும் அவர் கழுத்தில்தான், மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். அம்மா இந்த வாசலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாததிலிருந்து வெளியே போகிற யாரையும் அவர் நம்புவதில்லை. போன மாதம் ஃபேக்டரி வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. நான் யூனிஃபார்மோடு உள்ளே நின்றேன். "யாரும் போவ வேணாம்லா" என்றார். வேன் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. இப்போது வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். அளவு எடுப்பதும் துணி கொடுப்பதும் கிரில் கம்பிக்கு நடுவில்தான். இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு ஜொஹரா அக்காதான் கம்பி வழியாக வாங்கிப்போய்த் தபாலில் போடப்போகிறார்.

சும்மா சொன்னேன். நீ கவலைப்படாதே.

அன்புடன்,
அக்கா அகதா

உலு பெராங் ஸ்டேஷன்,
27 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல்.

ஸ்டேஷன் என்றதும் புலாவ் செபாங் மாதிரி பெரிய ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளாதே. தகரக் கூரை போட்ட ஒரு ஆபீஸ், அதை ஒட்டி எனக்கு இரண்டு அறை, சமையல் கட்டு. எதிரே காடு, பின்னால் காடு, மேலே பார்த்தால் தண்டவாளத்தின் அகலத்துக்கு வானம். கெமாஸ் பக்கமிருந்து காலி வண்டி மேலே போகும். மரக்கட்டை ஏற்றிய வண்டி கீழே இறங்கும். இரண்டும் விலகிப் போக வழிவிடுவதுதான் என் வேலை. கட்டை ஏற்றும் ஆட்களின் கேம்ப் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே மருந்து கொடுக்க, ஊசி போட ஒரு டிரெஸ்ஸர் இருப்பதால் காய்ச்சலுக்குப் பயமில்லை. புதன்கிழமை மட்டும் காலி வண்டியோடு ஒரு ஆள் பெட்டி வரும். அரிசி, மீன், வேலையாட்களின் குடும்பம் எல்லாம் அதில்தான்.

மழை பெய்தால் கட்டையிலிருந்து சிவப்பாகச் சாயம் ஒழுகும். அட்டைக் கடிக்குப் புகையிலை வைத்துக்கொள்கிறேன்.

சாவிக்கு மாற்றுச் சாவி ஒன்று செய்து வைத்துக்கொள்ளக் கூடாதா?

அன்புத் தம்பி,
ரொனால்ட்

புக்கிட் ரம்பாய்,
19 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இங்கே மழை, துணி காயவில்லை, மற்றபடி சுகம்.

மாற்றுச் சாவியா? செய்தேனே. அப்பா கண்டுபிடித்துவிட்டு, கடைப் பையனைக் கூப்பிட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார். பிள்ளையாண்டான் யோசனை சொல்ல வந்துவிட்டான்.

ஒரு விஷயம். சிரிக்காமல் படி. லோரி பட்டறை ஜேசனை உனக்குத் தெரியும். மனைவி இறந்து தனியாக இருப்பவர். ஜொஹரா அக்கா வீட்டுக் காரைப் பழுதுபார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீர் கேட்டார். அடுத்த நாள் காரில் ஒரு பழுதும் இல்லாமலே வந்தார். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று நேராகவே கேட்டுவிட்டார். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கம் வந்தது, போ. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையில் அவரைக் குளுவாங் பட்டறைக்கு மாற்றுகிறார்கள். அதற்குள் கல்யாணம் முடிய வேண்டும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்கிறார் அந்த மனுஷர். அப்பாவோ "மருமவன் வீட்டுச் சோத்துக்கு நான் நிக்க மாட்டேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்திலும் கேட்டுப் பார்த்தோம். பார்க்க வந்த கன்னியரைக் கம்பிக்கு வெளியே வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்தார். இவரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகையால் நீ வரவேண்டும், தம்பி. வந்து அப்பாவோடு இரு. எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

உலு பெராங்,
11 டிசம்பர் 2023

அன்புள்ள அக்கா,

உனக்கும் அப்பாவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நான் நலம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. ஜேசன் அண்ணன் நல்ல மனுஷர். பழுதில்லாத காரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சமாளித்தார் என்று கேட்டு எழுது.

நான் வருவதற்கு ஒரு சிக்கல். இங்கே நான் ஒற்றை ஆள். மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. இது ஒற்றைத் தண்டவாளம், அக்கா. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அனுப்புகிறவன் முதலில் என்னைக் கேட்பான். "இடம் இருக்கு, வரட்டும்" என்று நான் சொன்னால் அதுதான் லைன் கிளியர். சொன்னால் சொன்னதுதான். வண்டி கிளம்பிய பிறகு எனக்குத் தலைவலி என்று திருப்பி அனுப்ப முடியாது. டிரைவர் கையில் டோக்கன் என்று ஒரு இரும்புச் சாவி இருக்கும். இங்கே வந்ததும் அதை என்னிடம் ஒப்படைப்பார். கடைசிப் பெட்டியில் விளக்கு இருக்கிறதா, வண்டி முழுசாக வந்ததா என்று பார்த்துவிட்டு நான் மணி அடித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தில் அடுத்த வண்டி கிளம்பும். இந்தக் காலத்திலுமா என்று கேட்காதே. கம்பெனி எதையும் மாற்றாது.

மாற்று ஆளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வந்ததும் புறப்படுகிறேன்.

அன்புடன்,
ரொனால்ட்

புக்கிட் ரம்பாய்,
14 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும்.

தேதி குறித்தாயிற்று. பெரிய நோன்பு முடிந்து பாஸ்கா கழிந்ததும், ஏப்ரல் 13, சனிக்கிழமை. கல்யாணப் போதனைக்கு நான் கோயிலுக்குப் போக முடியாததால் சாமியாரே இங்கே வந்தார். அப்பா அவரையும் உள்ளே விடவில்லை. கிரில்லுக்கு வெளியே ஜொஹரா அக்கா நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஜேசன் வெளியே, நான் உள்ளே, நடுவில் சாமியார். இல்லறத்தில் ஒருவருக்கொருவர் மனம் திறந்து பேச வேண்டும் என்றார். ஜேசன் கம்பியைப் பார்த்து இருமினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜேசன் ஒரு நாள் இரும்பு வெட்டும் மிஷினோடு வந்தார். அதன் சத்தத்தைக் கேட்டதும் அப்பா சுவரோரம் உட்கார்ந்து நடுங்கினார். வேட்டி நனைந்துவிட்டது. "அகதாவ கூட்டிட்டுப் போயிராதீங்க, திரும்ப வரமாட்டா" என்று அழுதார். வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். பூட்டை வெட்டிவிடலாம், தம்பி. அந்த அழுகையை எதனால் வெட்டுவது?

நீ வந்தால் அவர் பயம் கொஞ்சம் தெளியும். அவரை விட்டுப் போன ஒருவன் திரும்பி வந்தான் என்று அவர் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

அக்கா

புக்கிட் ரம்பாய்,
25 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

சுகமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. அங்கே வெள்ளமோ என்று ரங்கசாமி மாமாவுக்குப் போன் போட்டேன். வண்டி ஓடுகிறது, நீயும் நன்றாக இருக்கிறாய் என்றார்.

மார்ச் மாதம் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கத் தொடங்குவார்கள். முதல் ஓலை வாசித்த பிறகு நிறுத்தினால் ஊர் வாய் சும்மா இருக்காது. உனக்குத் தெரியாததா?

வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா

உலு பெராங்,
20 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

மாற்று ஆள் வரவில்லை. ஏப்ரலில் முடியாது போலிருக்கிறது. மேலே மண் சரிந்து ஆட்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது, என் கையில் இல்லை.

அப்பா அம்மாவைப் பற்றி இன்னும் கேட்கிறாரா? என்னைப் பற்றி ஏதாவது?

ரொனால்ட்

புக்கிட் ரம்பாய்,
22 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்குச் சமாதானம் தருவாராக. நாங்கள் சுகம்.

முதல் ஓலை வாசித்தார்கள். உன் கடிதம் கைக்கு வந்ததும் இரண்டாவது ஓலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். 13-ஆம் தேதி காலையில் கல்யாணப் புடவையை எடுத்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தேன். அன்றைக்கும் பெரட்டு நடந்தது. வந்தாச்சு என்று சொன்னேன்.

ஜூன் 15 என்று மறு தேதி வைத்திருக்கிறோம். அதுவும் போனால் ஜேசன் தனியாகத்தான் குளுவாங் போவார். "காத்துக்கிட்டு இருப்பேன்" என்கிறார். அவருக்கு ஐம்பது வயது. எத்தனை காலம் காத்திருக்கச் சொல்வது?

உன் கேள்விக்குப் பதில். ஆமாம், கேட்கிறார். "ரொனால்டுதான் அம்மாவ கார்ல ஏத்திக்கிட்டுப் போனான், அவனையே கொண்டாந்து விடச் சொல்லு" என்று தினமும் கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ரங்கசாமி மாமா மலாக்காவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் இங்கேயும் எட்டிப் பார்த்தார். கிரில்லுக்கு வெளியே நின்றபடியே டீ குடித்தார். தங்கமான மனுஷர், பேச்சு வளர்ந்தால் நிறுத்துவதில்லை. உன்னை மிகவும் புகழ்ந்தார். காந்தன் என்று ஒரு மாற்று ஆளைப் பற்றியும் சொன்னார். பிப்ரவரியில் பெட்டி படுக்கையோடு உன் ஸ்டேஷனில் வந்து இறங்கினாராமே. அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனாராமே.

டீக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார் மாமா. அவருக்கு இனிப்பு நீர்.

வேறு விசேஷம் இல்லை.

அகதா

உலு பெராங்,
6 மே 2024

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் வந்தது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பல தாளைக் கிழித்தாயிற்று. இங்கே காட்டுக்குள் இருந்தாலும் மூச்சு விட முடிகிறது. அந்த ஹாலில் முடியவில்லை. அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் கைகால் ஓடுவதில்லை. அம்மாவை நான்தான் தூக்கிக் காரில் ஏற்றினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்தக் கேம்ப் ஆட்கள் நேரத்துக்கு எழுவதே இல்லை. இவர்களைப் பெரட்டுக்கு நிறுத்த அப்பா மாதிரி ஒரு மண்டோர் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பாவை நான் மறந்துவிட்டதாக நீ நினைக்கக் கூடாது.

ஜேசன் அண்ணனிடம் பேசி ஜூலையைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்.

உன் தம்பி,
ரொனால்ட்

புக்கிட் ரம்பாய்,
28 மே 2024

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பது அப்பா.

நீ எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் அல்ல, மண்டோர் பற்றி எழுதிய பத்தியை மட்டும். "ஆள் நேரத்துக்கு எழுந்திரிக்கலையா?" என்றார். "ஆமாப்பா, அங்க மண்டோர் இல்லையாம்." "ரூம் இருக்காமா?" "இருக்காம்." போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பெரட்டுச் சத்தம் கேட்கவில்லை. பயந்துபோய் ஓடினேன். காக்கி அரைக்காற்சட்டையும் பூட்ஸும் எங்கிருந்து தேடி எடுத்தாரோ, போட்டுக்கொண்டு நிற்கிறார். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றாமலே குனிந்து கிரில்லைத் திறந்தார். அவரே திறந்தார், தம்பி. "வண்டி எப்போ?" என்றார். அன்றிலிருந்து அதே கேள்விதான். வாசலைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று இருந்தவருக்கு, வேலைக்குப் போவது மட்டும் வெளியே போவதாகப் படவில்லை.

நீ உபசாரத்துக்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்வது போலத்தான். ஆனால் "இடம் இருக்கு, வரட்டும்" என்பது உன் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு லைன் கிளியர் என்று பேர், நீதான் சொல்லிக் கொடுத்தாய். வண்டி கிளம்பிவிட்டது. இனித் தலைவலி என்று சொல்லாதே.

நானும் ஜேசனும் கெமாஸ் வரைக்கும் வந்து ஆள் பெட்டியில் ஏற்றிவிடுகிறோம். ரங்கசாமி மாமா பார்த்துக்கொள்வார். மாத்திரையை வேளைக்கு வேளை பிரித்து டப்பாவில் வைத்திருக்கிறேன். மீன் முள் எடுத்துக் கொடு. பெரட்டில் பேர் கூப்பிட்டால் வந்தாச்சு என்று சொல், வாதாடாதே.

சாவியை மட்டும் கழற்ற மறுக்கிறார். கிரில்லை இப்போதைக்குச் சங்கிலி போட்டுக் கட்டப்போகிறேன். எங்கே போய் இறங்குவோமோ, என்ன ஆகுமோ என்று அவரைவிட எனக்குத்தான் நடுக்கம். அவரை விரட்டிவிட்டேன் என்று நினைக்காதே, ரொனால்ட். நீயும் அப்படி நினைத்தால் எனக்குப் போக்கிடம் இல்லை.

அக்கா

உலு பெராங்,
31 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகமாக வந்து சேர்ந்தார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை வண்டி நுழையும்போது வழக்கம்போல டோக்கனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆள் பெட்டியிலிருந்து காக்கியோடு அப்பா இறங்கினார். எனக்குக் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ரங்கசாமி மாமா எஞ்சினிலிருந்து இறங்கி வந்து டோக்கனை என் கையில் வைத்தார். அப்பா அதையே பார்த்தார்.

"சாவி ஒப்படைக்கணுமா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"ஆமாங்க. இங்க வர்றவங்க எல்லாரும் ஒப்படைக்கணும். அதான் சட்டம்."

சட்டம் என்றால் அப்பாவுக்குத் தெரியாதா? சட்டைக்குள் கையை விட்டார். உத்தரியத்தில் சாவி சிக்கிக்கொண்டது. மாமாதான் முடிச்சை அவிழ்த்துவிட்டார். அப்பா அதை என் உள்ளங்கையில் டோக்கனுக்குப் பக்கத்தில் வைத்து, "சரியா இருக்கா பாத்துக்க" என்றார். அப்புறம் நேராகக் கேம்ப் பக்கம் நடந்தார். கடைசிப் பெட்டியின் விளக்கைப் பார்க்க நான் ஓட வேண்டியிருந்தது. கண்ணீர் மறைத்ததால் இரண்டு தடவை பார்த்தேன்.

மறுநாள் விடியுமுன் பெரட்டு. கேம்பில் பாதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். ஒன்றும் புரியாமல் போர்வையோடு வந்து வரிசையில் நின்றார்கள். கூப்பிட்டது எல்லாம் செத்துப்போனவர்கள் பேர். "வந்தாச்சு" என்று நான்தான் சொன்னேன்.

டீ குடிக்கும்போது கேட்டுவிட்டார். "அம்மாவ எங்க வச்சிருக்கே?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன், அக்கா. அது இங்கேயும் வந்து எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறது. "மலாக்காவுல இருக்காங்கப்பா" என்றேன். பொய் இல்லையே, கல்லறை அங்கேதான் இருக்கிறது. "எப்போ வருவா?" என்றார். "லைன் கிளியர் வரணும்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். நாளைக்கும் கேட்பார். தினமும் கேட்பார். இந்தக் காட்டில் மூச்சு விட முடிந்ததெல்லாம் முடிந்துவிட்டது. கோபம் வந்தது, உன் மேலும் வந்தது. இப்போது இல்லை.

காந்தன் விஷயத்தை நீ கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி.

கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. இந்தத் தடவை உண்மையாகவே முடியாது. அப்பா பின்னறையில் தூங்குகிறார், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு.

உறைக்குள் கிரில் சாவி இருக்கிறது. சங்கிலியை அவிழ்த்துவிடு. புடவையை மறுபடி மடித்து வைக்காதே. ஜேசன் அண்ணனுக்கு என் வணக்கம்.

வண்டி முழுசாக வந்து சேர்ந்தது. நானே பார்த்தேன். நீ கிளம்பு, அக்கா.

உன் தம்பி,
ரொனால்ட்